ஏழாம் தண்ணீர்

சூளைக்குக் கிழக்கே இருந்த வரிசையில் பதினெட்டு வீடுகள். பதினெட்டு வீட்டு ஓடும் ஒரே நிறம். வேய்ந்த நாளில் சிவப்பாக இருந்தவைதான். மேல்காற்று தொடங்கிவிட்டால் நாலு மாதத்துக்குச் சுண்ணாம்புத் தூள் இறங்கிக்கொண்டே இருக்கும். மழை வந்து கழுவட்டும் என்று பார்த்தால், நனைந்த தூள் பூசினாற்போல் ஓட்டோடு இறுகிவிடும். கொடியில் காய்கிற சட்டையை உதறாமல் போட முடியாது. குடிக்க எடுத்த தண்ணீரை மூடாமல் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அதன் மேல் மெல்லிசாக ஆடை படிந்திருக்கும். வேலைவிட்டு வருகிற ஆண்களுக்குப் புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். யார் புருஷன், யார் மாமனார் என்று குளித்த பிறகுதான் தெரியும் என்று அந்த வரிசைப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒன்பதாவது வீட்டில் மட்டும் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை.

அந்த வீட்டில் ஒரு அக்கா, அவளுடைய தம்பி, தம்பி பெண்டாட்டி, இரண்டரை மாதக் கைக்குழந்தை. தம்பி சூளையில் கல் அடுக்குகிறவன். அவன் பெண்டாட்டியை வரிசையே சின்னவள் என்று கூப்பிட்டதால் அக்கா தானாகவே பெரியவள் ஆகிப்போனாள். ஆனால் முதுகுக்குப் பின்னால், பல சமயம் முகத்துக்கு நேராகவே, அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு. ஏழுதண்ணி.

அரிசியை அவள் ஏழு தண்ணீரில் களைவாள். சும்மா கைவிட்டு அலசுவது அவளுக்கு ஆகாது. ஒரு பிடி அரிசியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் துணி கசக்குவதுபோல் கசக்குவாள். முதல் தண்ணீர் பாலாக வரும். மூன்றாவதில் மோராகும். ஐந்தாவதில் கலங்கல் மட்டும் இருக்கும். ஏழாவது தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் இருக்கிற கீறல்கூடத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் விடுவாள். அதன்பிறகு அரைமணி நேரம் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரையும் கொட்டுவாள். அப்புறம் பெரிய பானை நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, வெந்ததும் கஞ்சியை ஒட்ட வடிப்பாள். தட்டில் விழுகிற சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டாது. பஞ்சுபோல வெளுத்திருக்கும்.

அவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அவள் புருஷன் தூள் சலிக்கிற கொட்டகையில் பதினோரு வருஷம் நின்றவன். கடைசி இரண்டு வருஷம் மூச்சுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினான். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, “உள்ள பூரா வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும்மா” என்றார். அவன் போனபிறகு அவள் தம்பியோடு வந்து இருந்தாள். அப்போது அரிசிக்கு ஐந்து தண்ணீர்.

தம்பிக்கு முதலில் பிறந்தவன் மூன்று மாதம் முடிவதற்குள் போய்விட்டான். காலையில் பால் குடிக்க மாட்டேன் என்றான், விளக்கு வைக்கும்முன் உடம்பு ஆறிவிட்டது. “இந்தத் தூசியில பெரிய ஆளுங்களே நிக்கல, பச்சைப்புள்ள என்ன பண்ணும்” என்று வரிசை சொன்னது. பெரியவளும் அதைத்தான் நம்பினாள். ஐந்து தண்ணீர் ஏழானது அந்த வாரம்தான். இரண்டு வருஷம் கழித்து இவன் பிறந்ததும், சின்னவளின் கட்டிலருகே உட்கார்ந்து, “இவனை அந்தத் தூசிக்குக் குடுக்க மாட்டேன்” என்றாள். மூன்று மாதத்தைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. பெரியவள் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை நாலாவது தண்ணீரைக் கொட்டும்போது பின்வாசலில் பால்காரி வாளியோடு வந்து நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு பசு. ஒன்பதாவது வீட்டில் அரிசி களைந்த கழனியும் வடித்த கஞ்சியும் அதற்குத்தான் போகும்.

“என்ன ஏழுதண்ணி, இன்னும் பாதி வழியிலதான் இருக்கியா? எம் மாடு வாசல்ல நின்னு பாட்டுப் பாடுது.”

“இரு. ராத்திரி வடிச்ச கஞ்சி அந்தத் தவலையில இருக்கு. மேல இருக்கற ஆடையை எடுத்துட்டு ஊத்து.”

“ஆடையோடதான் அது குடிக்கும். நீ எம் மாட்டைப் பார்த்தியா சமீபத்துல? மினுமினுன்னு, கல்யாணத்துக்குக் கிளம்பினவ மாதிரி நிக்குது. நேத்து ஒருத்தன் வந்து என்ன தீவனம் போடறீங்கன்னு கேக்கறான். தீவனமா, ஒன்பதாம் வீட்டு அழுக்குன்னு சொன்னேன்.”

“சரி சரி, கண்ணு வைக்காதே.”

“எம் மாட்டுக்கு நானே கண்ணு வைப்பேனா? கண்ணு உன் மேலதான். கண்ணாடி பார்க்கறதுண்டா நீ? கை கால் எல்லாம் குச்சி, மூஞ்சி மட்டும் ஊதின மாதிரி. அவ இன்னும் மோசம். புள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா? எம் மாடு கன்னு போட்டு ரெண்டு மாசத்துல…”

“எங்க வீட்டுப் பொண்ணை உன் மாட்டோட ஒப்பிடாத.”

“அய்யோ, மாடு கோவிச்சுக்கும்.” பால்காரி சிரித்துக்கொண்டே குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “ஏய், செருப்பு எங்கடி ஒண்ணு?”

பெரியவள் காலைப் பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. அது ஐந்தடிக்கு அப்பால், தண்ணீர்த்தொட்டி அருகே குப்புறக் கிடந்தது. எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூளையின் உடைந்த கல் பரப்பிய தரை அது. வெறுங்காலோடு நடந்தால் முள்ளாய்க் குத்தும். அவள் நடந்திருக்கிறாள், ஒன்றும் குத்தவில்லை.

“கவனம் இல்ல” என்றாள்.

“முந்தாநேத்தும் இதேதான் சொன்ன.”

பால்காரி போனபிறகு பெரியவள் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கல் உள்ளே போய் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. அதை நகத்தால் தோண்டி எடுத்தாள். வேறு யாருடைய காலையோ தோண்டுவதுபோல் இருந்தது. பிறகு ஐந்தாவது தண்ணீரைப் பிடிக்கப் போனாள்.

மத்தியானம் சின்னவளுக்குத் தட்டு வைத்தாள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவிலிருந்து ஊறுகிற தண்ணீர். ஒருநாள் முழுக்க எரித்தாலும் பருப்பு குண்டுமணியாய் உருளும். மற்ற வீடுகளில் ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிலர் மழைத் தண்ணீர் பிடித்துவைப்பார்கள், சிலர் வேகாத பருப்பையே அரைத்துவிடுவார்கள். பெரியவள் தாராளமாய்ச் சோடா உப்புப் போடுவாள். நுரை பொங்கும், கால்மணி நேரத்தில் கையால் நசுக்கினால் மாவு. காயை முதலில் பொடியாக நறுக்கிவிட்டுத்தான் கழுவுவாள். தோல் மடிப்பில் தூள் ஒளிந்திருக்குமே, நறுக்கினால்தானே வெளியே வரும். நறுக்கியதை ஒருமணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் இறுத்துவிடுவாள்.

சின்னவள் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல அண்ணி. எதைத் தின்னாலும் ஒரே மாதிரி இருக்கு.”

“சுத்தமா இருந்தா அப்படித்தான் இருக்கும். தெருவுல விக்கற கடலையைத் தின்னு பழகின நாக்கு.”

“கடலைன்னு சொல்லாதீங்க. எச்சில் ஊறுது.” சின்னவள் லேசாகச் சிரித்தாள். “கர்ப்பமா இருக்கும்போது ஒருநாள் நீங்க வடிச்ச கஞ்சியை எடுத்துக் குடிச்சேன், ஞாபகம் இருக்கா? கையிலேர்ந்து பிடுங்கினீங்க.”

“பின்ன? அத்தனை அழுக்கும் இறங்கின தண்ணி. வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு அதையா குடிப்பாங்க?”

“அது மட்டும்தான் இனிச்சுது அண்ணி.”

பெரியவள் தட்டை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினாள். சின்னவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். பிடித்தும் ஒருதடவையில் எழ முடியவில்லை.

“காலுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ராத்திரி பூரா.”

“உட்கார்ந்தே இருக்கறதால மரத்துப் போயிருக்கும்.”

அப்போது உள்ளறையில் குழந்தை அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது. ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஒரு சத்தம். இரண்டு நாளாகவே அப்படித்தான். சின்னவள் தட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். மடியில் போட்டு மார்பைக் கொடுத்தாள். குழந்தை வாயை வைத்து நாலு இழுப்பு இழுத்தது. அதற்கே ஓடிவந்ததுபோல் இரைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நன்றாகக் கொழுகொழுவென்றுதான் இருந்தான். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரியவள் தைரியமாக இருந்தாள்.

“குரல் கம்மிடுச்சு அண்ணி.”

“அழுதழுது தொண்டை கட்டிக்கிச்சு.”

“மூத்தவனுக்கும் கடைசியில…”

“வாயை மூடு.”

வார்த்தை சுருக்கென்று வந்துவிட்டது. சின்னவள் மூடிக்கொண்டாள். பெரியவள் ஜன்னலருகே போய், அங்கே தொங்கவிட்டிருந்த ஈரத்துணி காய்ந்திருந்ததைப் பார்த்து, மறுபடி நனைத்துப் பிழிந்து கட்டினாள். பிழியும்போது கையில் வலு இல்லை. பிழிந்து முடித்தும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் தம்பி வந்தான். குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே மகனைக் குனிந்து பார்த்தான். சூளையில் கல் அடுக்குகிறவர்களுக்கு உச்சிவேளைச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும். தூசியும் கல்லும் கலந்த சாப்பாடு, மண்வெட்டியால் அள்ளிப்போட்ட மாதிரி இருக்கும் என்று அவனே கேலி செய்வான். ஆனால் ஆள் மட்டும் கட்டை மாதிரி திடமாக இருந்தான்.

“அக்கா, இவன் மூச்சு விடறதைப் பார்த்தியா? வயிறு உள்ள போய்ப் போய் வருது.”

“சளி.”

“சளின்னா மூக்கு ஒழுகணுமே. ஒழுகலையே.”

“உனக்கு எப்பலேர்ந்து வைத்தியம் தெரிய ஆரம்பிச்சது?”

“தெரியாமத்தான் கேக்கறேன். நாளைக்கு மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். புது நர்சம்மா வந்திருக்காங்களாம். கத்துவாங்களாம், ஆனா பார்ப்பாங்களாம்.”

“மருந்தகம் எங்க இருக்கு? சூளைக்கு அந்தப் பக்கம். இந்தக் காத்துல, அந்தத் தூளுக்குள்ள குழந்தையைத் தூக்கிட்டுப் போறதா? மூத்தவனைத் தூக்கிட்டுப் போன, திரும்பத் தூக்கிட்டு வந்தியா?”

தம்பி துண்டைக் கொடியில் போட்டான். சின்னவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பதினாறு நாள்தான்டா” என்றாள் பெரியவள், குரலை இறக்கி. “பதினாறு நாள் வீட்டுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டாப் போதும். நான் பார்த்துக்கறேன். நாளையிலேர்ந்து எட்டுத் தண்ணி.”

மறுநாள் சூளைச் சங்கு ஊதுவதற்கு முன்பே அவள் எழுந்து அரிசி களையத் தொடங்கிவிட்டாள். எட்டாவது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அரிசி முனை உடைந்து நொய்யாகிக்கொண்டிருந்தது. அப்போது உள்ளறையிலிருந்து சின்னவள், “அண்ணி” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பயம் அவ்வளவு இருந்திருக்காது.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது, ஈறு தெரிந்தது, நாக்கு நடுங்கியது, கண் இடுங்கி ஓரத்தில் நீர் வழிந்தது. கைகால் உதைத்தது. சத்தம் மட்டும் இல்லை. பெரியவள் தனக்குத்தான் காது போய்விட்டது என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சூளைச் சங்கு ஊதியது. வழக்கம்போல் ஜன்னல் சட்டம் அதிர ஊதியது. காது நன்றாகத்தான் கேட்டது.

குழந்தையின் உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்றதுபோல் நிறம் இறங்கிக்கொண்டிருந்தது.

தம்பி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிவிட்டான். பெரியவள் ஈரத்துணியோடு பின்னால் ஓடினாள். “மூஞ்சியை மூடுடா, மூஞ்சியை மூடு.” சின்னவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் நடையைத்தான் நடக்க முடிந்தது. சூளை மதிலோரம் பெரியவளுக்குக் கால் மடங்கி மண்டியிட்டு விழுந்தாள். எழுந்தாள். முழங்கால் தோல் வழன்றிருப்பதைப் பிறகு பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மருந்தகம் இரண்டே அறை. நர்சம்மா பாதி தின்ற ரொட்டியைக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். கட்டைக் குரல்.

“எத்தனை மாசம்? பால் குடிக்குதா? எப்பலேர்ந்து சத்தமில்ல?” கேட்டுக்கொண்டே நெஞ்சில் குழாயை வைத்தாள். வைத்த இடத்திலேயே நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு வயிற்றை அழுத்தினாள். ஈரலைத் தேடி விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. அவள் முகத்தில் கேள்வி மாறியது. குழந்தையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

“நீ குத்துக்கால் போட்டு உட்காரு.”

“நானா?”

“நீதான். உட்கார்ந்து, கை ஊணாம எழுந்திரு.”

சின்னவள் உட்கார்ந்தாள். எழ முயன்றாள். பிட்டம் அரையடி தூக்கியது, திரும்ப விழுந்தாள். இன்னொரு தடவை முயன்றாள். தரையில் கை வைத்து அப்படியே இருந்துவிட்டாள்.

“நீங்க?” நர்சம்மா பெரியவளைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. குழந்தையைப் பாருங்க.”

“குழந்தையைத்தான் பார்க்கறேன். உட்காருங்க.”

பெரியவள் உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. நர்சம்மா குனிந்து அவள் கெண்டைக்காலை ஒரு அழுத்து அழுத்தினாள். காலின் அடிப்பாகம் மரத்துக் கிடந்தது, ஆனால் அந்தச் சதையில் வலி மின்னலாய் ஏறியது.

“யாரு சமைக்கறது வீட்டுல?”

“நான்தான்.” பெரியவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. “நீங்க எங்க சமையலைச் சந்தேகப்படாதீங்க. இந்த வரிசையில எவளும் அவ்வளவு சுத்தம் பார்க்க மாட்டா. ஏழு தண்ணி களைவேன். இன்னைக்கு எட்டு. ஊறவச்ச தண்ணியையும் கொட்டிடுவேன், கஞ்சியும் துளி இல்லாம வடிச்சிடுவேன். காயை நறுக்கி ஊறவச்சு…”

“பருப்பு?”

“சோடா போட்டு நல்லாக் குழைய…”

நர்சம்மா அலமாரியைத் திறந்தாள். டப்பாக்களைத் தள்ளினாள், கீழ்த்தட்டில் குனிந்தாள், ஒரு பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் படித்தாள். உள்ளே மூன்று கண்ணாடிக் குப்பிகள். “இந்த மாசம் வரைக்கும் இருக்கு” என்று தனக்குத்தானே சொன்னாள். ஒன்றின் கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றினாள். குழந்தையின் தொடையில், அந்தக் கொழுத்த மடிப்புக்கு மேலே, குத்தினாள். குழந்தை வாயைத் திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

“என்னம்மா மருந்து அது?” தம்பி கேட்டான்.

“உங்க வீட்டுக் கழனித்தண்ணியில போனது.” நர்சம்மா அடுத்த குப்பியைத் தாய்க்கு ஏற்றினாள். குரல் எதிர்பாராமல் தணிந்திருந்தது. “முன்னாடி நான் ஒரு ஜெயில் ஆஸ்பத்திரியில இருந்தேன். ஒரு வருஷம் அங்க புது சமையக்காரன் வந்தான். ரொம்பச் சுத்தக்காரன். ஆறு மாசத்துல முப்பது பேருக்கு எழுந்து நிக்க முடியல. அரிசி மேல மெல்லிசா ஒரு சத்து ஒட்டிக்கிட்டிருக்கும். மில்லுலயே முக்கால்வாசி உரிச்சிடறான். மிச்சத்தை நீங்க தேய்ச்சுக் கழுவிட்டீங்க. கழுவியும் தப்பிச்சது கஞ்சியில இறங்கிடுச்சு. பருப்புல இருந்ததைச் சோடா கொன்னுடுச்சு. காயில இருந்தது ஊறின தண்ணியோட போச்சு. அது தண்ணியில கரையற சமாச்சாரம்மா. தாய்க்கு இல்லாதது பால்ல எங்கேர்ந்து வரும்? இவன் வயிறு நிறையத்தான் குடிச்சிருக்கான். நெஞ்சு அடிச்சுக்கறதுக்கு வேண்டியது மட்டும் அதுல இல்ல.”

“தூசி?” என்றாள் பெரியவள்.

“என்ன தூசி?”

“தூசியாலதானே… இந்தத் தூசியாலதானே எல்லாருக்கும்…”

“தூசி மூக்கு வழியாப் போறது. அதை அரிசியில தேடி என்ன பண்ண? அரிசித் தூசிக்கு ரெண்டு தண்ணி போதும்.” நர்சம்மா காகிதத்தில் எழுதத் தொடங்கினாள். “இதுக்கு முன்னாடி குழந்தை இருக்கா?”

தம்பிதான் சொன்னான்.

“ஒண்ணு இருந்துச்சு. தூசியில போயிடுச்சு.”

நர்சம்மாவின் பேனா நின்றது. “எத்தனை மாசத்துல?”

“மூணு முடியல.”

“அழுதுச்சா கடைசியில?”

இதற்கும் தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவன் அன்று காலை வேலைக்குப் போய்விட்டிருந்தான், ஆள் வந்து சொல்லி ஓடிவந்து தூக்கியபோது பிள்ளை கண்ணே திறக்கவில்லை, அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தரையில் கை ஊன்றியபடி இருந்தாள். இன்னொருத்தி பக்கத்தில் அதேபோல் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலேயே சின்னவளின் கண் தன் கைகள் மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. விடியற்காலையிலிருந்து தண்ணீரிலேயே இருந்து விரல்நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்த கைகள்.

நர்சம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதவும் இல்லை. மூன்றாவது குப்பியை எடுத்து, “கையைக் குடுங்க” என்றாள்.

“எனக்கு வேண்டாம். அவனுக்கு வச்சிருங்க.”

“அவனுக்கு நாளைக்கு வரவழைச்சிருவேன். குடுங்க.”

“வேண்டாம்னு சொல்றேன்ல!”

நர்சம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குப்பியை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

பத்து மணிவாக்கில் குழந்தையின் உதட்டிலிருந்து அந்த நாவல் நிறம் விலகத் தொடங்கியது. உச்சிவேளைக்கு மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. மார்பில் வைத்தபோது நின்று நின்று குடித்தான். தம்பி வெளியே போய் மதிலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, முகமெல்லாம் சுண்ணாம்போடு திரும்பி வந்தான்.

“பொழைச்சுக்குவான்” என்றாள் நர்சம்மா. “நெஞ்சு சீக்கிரம் சரியாயிடும். குரல் நரம்பு மெதுவாத்தான் வரும். பத்து நாளோ, இருபது நாளோ. வரலைன்னு பயந்துடாதீங்க.”

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அடுப்படி கை மாறியது. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. பெரியவள் அரிசிப் பாத்திரத்தை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், முதல் தண்ணீர் பாலாக எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை உள்ளே விட முடியவில்லை. சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பாத்திரத்தை அவள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டாள். இரண்டு தண்ணீர் அலசினாள். அளந்து வைத்த தண்ணீரில் போட்டு மூடினாள். சோறு தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் குழைந்து, கொஞ்சம் பழுப்பாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பருப்பை மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, சோடா இல்லாமல் நேரமெடுத்து வேகவைத்தாள். காயை முழுதாகக் கழுவிவிட்டு நறுக்கினாள். நர்சம்மா கொடுத்த மாத்திரையைத் தின்றாள். தம்பி பொட்டலத்தில் வாங்கிவந்த கடலையைக் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே தோலோடு மென்றாள்.

இதெல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. “தட்டு வச்சிருக்கேன்”, “மாத்திரை இருக்கு”, அவ்வளவுதான். பெரியவளுக்கும் மாத்திரை எடுத்துவைக்கப்பட்டது, முகம் பார்க்காமல். ஒரே ஒருநாள் பெரியவள் அதைத் தொடாமல் விட்டாள். மறுநாள் தட்டில் இரண்டு மாத்திரை இருந்தது. அவள் இரண்டையும் விழுங்கினாள். சின்னவளுக்குத் திட்டத் தெரியாதா என்ன? அவள் வாய் தெறிக்கிற வாய்தான். திட்டினால் பெரியவள் பதிலுக்குக் காலில் விழலாம். அந்த வழியும் அவளுக்குத் திறக்கவில்லை.

பால்காரி வாளியோடு வந்தாள்.

“எங்க என் சரக்கு? ரெண்டு நாளா எம் மாடு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு.”

“இனிமே இல்ல” என்றாள் சின்னவள்.

“ஏன்? ஏழுதண்ணி எங்க, ரிட்டயர் ஆயிடுச்சா?”

சின்னவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பால்காரிக்கு என்ன புரிந்ததோ, வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டு பின்வாசல் படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதன்பிறகு வரிசையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பெரியவள் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

மூன்று மாதம் முடிந்த நாளும் வந்து போயிற்று. காலையிலிருந்து பெரியவளுக்கு அது தெரியும். சின்னவளுக்கும் தெரியும் என்பது அவள் குழந்தையைத் துடைத்துவிட்ட விதத்தில் தெரிந்தது. குழந்தை தொட்டிலில் கைகால் அடித்து விளையாடினான். பசித்தால் வாயைத் திறந்து அழுதான், காற்று மட்டும் வந்தது. பெரியவள் நிழல்போலச் சுவரோரம் உட்கார்ந்து அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இவன் வாயைப் பார்க்கும்போது அவளுக்குத் தெரிந்தது மூத்தவன் வாய்தான். அன்று காலை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, “சமத்து, அழவே மாட்டேங்கறான் பாரு” என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவனைத் தாயிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அதற்கு ஆறேழு நாள் கழித்து ஒரு மத்தியானம். காற்று விழுந்துபோயிருந்தது. சூளைப் புகை நேராக மேலே போயிற்று. சின்னவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரே உட்கார்ந்து கடலைத் தோலைக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் ஏதோ உரசியது. துருப்பிடித்த கீல் திரும்புவதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. இந்தத் தடவை அது உடைந்து, தடித்து, வீடு கொள்ளாத அழுகையாகக் கிளம்பிற்று. ஓட்டிலிருந்து தூள் உதிர்ந்துவிடும் போல அழுதான்.

பெரியவள் தன்னை மறந்து எழுந்துவிட்டாள். கை ஊன்றவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அவனைத் தூக்க இரண்டடி வைப்பதற்குள் சின்னவளின் ஈரக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“இருங்க அண்ணி.”

இருபது நாளில் அவள் அண்ணி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“அழறான்டி.”

“தெரியுது. அழட்டும்.”

அழுகை ஏறியது. மூச்சு வாங்க நின்று, திரும்ப ஏறியது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தை வைத்துவிட்டு எட்டிப்பார்த்தார்கள். பெரியவள் கையை இழுத்துப் பார்த்தாள். பிடி விடவில்லை.

“பசிச்சு அழறான், விடு…”

“இன்னும் கொஞ்சம் கேளுங்க” என்றாள் சின்னவள். அவள் உள்ளறைப் பக்கம் பார்க்கவில்லை. கடலைத் தோல் குவிந்து கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒருத்தன் அழ முடியாமலே போனான் இல்ல. அவனுக்கும் சேர்த்துக் கேளுங்க.”

பெரியவள் நின்றாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது.